விலக்கும் அளவும்

மாவுச்சத்தைக் குறைத்து உண்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் எல்லாம் நடக்கிறது. முதல் இரண்டு வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். அடுத்த சில மாதங்கள் நிதானமாக இறங்கும். பிறகு ஒரு நாள் எடைக்கருவியில் எண் நின்றுவிடும். அரிசி இல்லை, கோதுமை இல்லை, சர்க்கரை இல்லை, பழம்கூட இல்லை. இருந்தும் எண் அசையாது. அப்போது எழும் கேள்வி சமையலறைக் கேள்வியாகத்தான் கேட்கப்படுகிறது: சாப்பாட்டில் எதை மாற்றுவது? அதற்குக் கிடைக்கும் பதில்களைக் கூர்ந்து கேட்டால் சத்துணவையும் தாண்டிய ஒரு குரல் அவற்றில் ஒலிப்பது தெரியும். எங்கோ தப்பு நடந்திருக்கிறது, தேடிப்பார் என்கிறது ஒன்று. போதாது, இன்னும் கடுமையாக்கு என்கிறது இன்னொன்று. முறையே பொய், விட்டுத்தள்ளு என்கிறது மூன்றாவது. குற்றம், தவம், அவநம்பிக்கை ஆகிய மூன்றும் சமயங்களுக்கு நெடுங்காலமாகப் பழகிய மனநிலைகள். மனிதன் தன் உணவை ஒழுங்குசெய்துகொள்ள விலக்கு, அளவு என்று இரண்டு வழிகள் உண்டு. மாவுச்சத்துக் குறைப்பு விலக்கின் வழியில் தொடங்குகிறது. எடை நிற்கும் இடத்தில் அது அளவின் வழிக்கு வந்தாக வேண்டும். அந்த மாற்றத்தை ஒழுக்கத்தின் சரிவாகப் பார்ப்பதிலிருந்துதான் பெரும்பாலான தொல்லை பிறக்கிறது என்பது என் வாதம்.

விலக்கின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1863இல் லண்டனில் வில்லியம் பேன்டிங் என்பவர் தம் பருமன் குறைந்த விவரத்தைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். சவ அடக்க ஏற்பாடு அவர் தொழில். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டதே அவர் சொன்ன வழியின் சாரம். 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூலும் இதே போக்கில்தான் புகழ்பெற்றது. தமிழ்நாட்டில் பேலியோ என்ற பெயரில் பரவிய உணவுமுறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. காலையில் 100 பாதாம், மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியோ பனீரோ, இரவில் முட்டையோ இறைச்சியோ, இடையில் ஒரு பட்டர் டீ. சோறுதான் சாப்பாடு என்றிருந்த ஊரில் இத்தனை பேர் சோற்றை விட்டார்கள் என்பது சாதாரணச் செய்தி இல்லை. கணக்குப் பார்க்க வேண்டாம் என்ற விடுதலைதான் அவர்களை அங்கே கொண்டுசேர்த்தது. பட்டியலில் உள்ளதைத் தொடாதே, மற்றதை வயிறு நிறையச் சாப்பிடு என்ற கட்டளை வேளைக்கு வேளை முடிவெடுக்கும் சுமையை இறக்கிவைக்கிறது. புரதம் மிகுந்த உணவு சீக்கிரம் வயிற்றை நிறைக்கிறது. பிஸ்கட்டும் மிக்சரும் இனிப்புக் காபியும் இரவு பரோட்டாவும் ஒரே வீச்சில் ஒழிகின்றன. எண்ணாமலேயே உணவு குறைந்துவிடுகிறது.

ஆனால் விலக்கு சமயத்திலிருந்து மருத்துவத்துக்கு வரும்போது தன்னோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவருகிறது. சமய விலக்குகள் கடைப்பிடிக்கப்பட்டதாலேயே நிறைவு பெறுபவை. ஏகாதசியன்று தானியம் தொடாதவருக்கும், ரமலானில் பகலெல்லாம் நீர்கூட அருந்தாதவருக்கும், தவக்கால வெள்ளியில் இறைச்சி தவிர்த்தவருக்கும் அந்தப் பொழுது முடிந்ததும் நோன்பு முழுமையாகிவிட்டது. பலன் என்று ஒன்று உண்டென்றால் அது இறைவனுக்கும் அடியவருக்கும் இடைப்பட்டது. மறுநாள் காலையில் அளந்து பார்த்துச் சரிபார்ப்பதில்லை. சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர் இரவில் சோற்றைத் தவிர்த்து, பலகாரம் என்று சொல்லி ஆறு இட்லியை உள்ளே தள்ளினாலும் விரதம் கெடாதது இதனால்தான். இட்லியும் அதே அரிசிதானே என்று கேலி செய்பவர்கள் உண்டு. கேலி இடம் தவறி விழுகிறது. வயிற்றில் எவ்வளவு போகிறது என்பதைப் பற்றி அந்த விரதம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. உடலுக்காக ஏற்கும் உணவுமுறை அப்படிப்பட்டதல்ல. அதைக் கடைப்பிடித்தது மட்டும் ஒரு சாதனை ஆகாது. விளைவுதான் அதற்கு உரைகல். எல்லாவற்றையும் சரியாகத்தானே செய்தேன், பிறகு ஏன் நின்றது என்ற புலம்பலில் கேட்பது நோன்பின் தர்க்கம். கடைப்பிடித்தவருக்குப் பலன் கடமைப்பட்டிருக்கிறது என்று அது நம்புகிறது. உடல் அப்படி யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு வழிகளும் வேறு வேறு என்பது நம் மரபுக்குப் புதிய செய்தியும் அல்ல. திருக்குறளில் புலால் மறுத்தல் ஓர் அதிகாரம், கள்ளுண்ணாமை இன்னோர் அதிகாரம்; இரண்டும் இன்னதை உண்ணாதே என்னும் விலக்கு. மருந்து என்னும் அதிகாரத்துக்கு வந்தால் தொனியே மாறிவிடுகிறது. அங்கே எந்த உணவும் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா, எவ்வளவு என்பவைதான் அங்கே கேள்விகள். ஒரே ஆசிரியர், ஒரே நூல். அறத்துக்கு விலக்கும் உடலுக்கு அளவும் என்று பிரித்து வைத்திருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன். (கள்ளுண்ணாமை உடலையும் பற்றியதுதானே என்று கேட்கலாம்; கேட்க வேண்டியதுதான்.) சமணர்கள் இன்னும் துல்லியமாகப் பிரித்தார்கள். தத்துவார்த்த சூத்திரம் சொல்லும் ஆறு புறத்தவங்களில் முழுப் பட்டினி ஒன்று, வயிறு நிறையுமுன் நிறுத்திக்கொள்வது வேறொன்று, நெய் பால் போன்ற சுவைப்பொருள்களைத் துறப்பது மற்றொன்று. சுவேதாம்பர மரபு ஆணின் முழு உணவை 32 கவளம் என்றும் பெண்ணின் உணவை 28 என்றும் கணக்கிட்டு, அதிலிருந்து குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. எதை விடுகிறாய் என்பதும் எவ்வளவில் நிறுத்துகிறாய் என்பதும் தனித்தனிப் பயிற்சிகள் என்பதும், ஒன்றில் தேர்ந்தவன் மற்றொன்றிலும் தேர்ந்துவிட்டதாக ஆகாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி உடலின் பக்கம். முதல் இரண்டு வாரத்து மளமளப்பில் பெரும்பங்கு தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் கிளைகோஜன், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்து குறைந்ததும் சேமிப்பு கரைகிறது, நீரும் போகிறது. அதன் பிறகு குறைவதில்தான் கொழுப்பின் பங்கு பெரிது. அங்கேதான் உடலின் எதிர்வினையும் தொடங்குகிறது. சிறுத்த உடலுக்குச் செலவு குறைவு. 1995இல் ரூடால்ஃப் லீபெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 சதவீதம் குறைந்து அந்நிலையில் இருந்தவர்கள், உடல் சிறுத்ததற்காக எதிர்பார்க்கக்கூடியதைவிடவும் குறைவாகவே ஆற்றலைச் செலவிட்டார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் உள்ளிட்டோர் 2016இல் இன்னொரு பக்கத்தை அளந்தார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. 10 கிலோ குறைந்தவர் பழைய உணவைவிட நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கேட்கும் பசியோடு இருக்கிறார் என்று பொருள். அந்தப் பசியைத் தினமும் தாங்கித்தான் அவர் அதே எடையில் நிற்கிறார். எடை நின்றுவிட்டதால் முயற்சியும் நின்றுவிட்டது என்று நினைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். குற்றவாளியைத் தேடுகிறவர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும்.

அனுமதிக்கப்பட்ட உணவின் கணக்கையும் பார்ப்போம். 100 பாதாம் என்பது ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. ஒரு பெரிய கரண்டி நெய் 120 கலோரி. 95 கிலோ இருந்தவருக்கு இந்தக் காலை உணவு மதியம்வரை பசியை அடக்கி, முன்பு தின்ற பூரியையும் வடையையும் விரட்டியது. அன்றைக்கு அது சரியான உணவு. அவரே 80 கிலோவுக்கு வந்தபின் அதே 700 கலோரி வேறு வேலை செய்கிறது. பாதாமில் ஒரு மாற்றமும் இல்லை. உண்பவர்தான் வேறு ஆளாகிவிட்டார். அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறநூலின் இரண்டாம் பகுதியில் நடுநிலை என்றால் என்ன என்று விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே சாப்பாடுதான். 10 மினா எடையுள்ள உணவு மிகுதி, 2 மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லாருக்கும் 6 மினா என்று விதித்துவிட மாட்டார். மற்போர் வீரன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு அது அதிகம். அளவு பொருளில் இல்லை, உண்பவனைப் பொறுத்தது என்று அவர் சொன்னதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். ஒரே மனிதன் ஆறு மாதத்தில் மைலோவாகவும் தொடக்கக்காரனாகவும் இருக்க முடியும். நேற்று அவனுக்கு அளவாக இருந்தது இன்று மிகுதி. விலக்குப் பட்டியலால் இந்த மாற்றத்தைப் பார்க்க முடியாது. அதற்கு உணவின் பெயர் தெரியுமே தவிர உண்பவனின் எடை தெரியாது.

அளவை எப்படி இறக்குவது என்பதற்குப் பாலி நூல்களில் ஒரு கதை உண்டு. கோசல நாட்டு அரசன் பசேநதி ஒரு வேளைக்கு ஒரு தோண அளவு அரிசிச் சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்க புத்தரிடம் வந்து உட்காருவான். சம்யுத்த நிகாயத்தில் இது வருகிறது. இதைத் தின்னாதே என்று புத்தர் அவனிடம் எதையும் விலக்கவில்லை. அளவறிந்து உண்பவனுக்கு உடல் துன்பம் குறையும் என்னும் பொருளில் ஒரு பாட்டைச் சொன்னார். சுதஸ்ஸனன் என்ற இளைஞன் அதைப் பாடம் செய்துகொண்டு, அரசன் உண்ணும்போது சொல்ல வேண்டும். அதற்கு நாள்தோறும் 100 கஹாபணம் சம்பளம். உரைநூல் தரும் விவரம்தான் சுவையானது. முதல் கவளத்தில் பாட்டைச் சொல்லக் கூடாது, கடைசிக் கவளத்தை எடுக்கும்போது சொல்ல வேண்டும். அரசன் அந்தக் கவளத்தை வைத்துவிடுவான். அதில் எத்தனை சோற்றுப் பருக்கை என்று எண்ணி, அடுத்த சமையலில் அத்தனை அரிசியைக் குறைத்துவிட வேண்டும். இப்படியே படிப்படியாக இறங்கி, ஒரு நாழி அரிசியில் அரசன் நிலைகொண்டான். அவன் உடலும் இளைத்தது. குறைப்பு கடைசிக் கவளத்தில் மட்டும், ஒரு நாளில் சிறிதளவு, சமையலிலேயே முன்கூட்டி, கண்காணிக்க வெளியாள் ஒருவர்: இன்றைய உணவியல் நிபுணர் சொல்லக்கூடியதில் பாதி இதில் இருக்கிறது. ஒரு நாழிக்குப் பிறகு கதை நின்றுவிடுவதையும் கவனிக்க வேண்டும். அதற்குக் கீழே போகும்படி புத்தர் அவனிடம் சொல்லவில்லை.

இங்கே முதல் மறுப்பு வருகிறது. அதைச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். கலோரி என்பதே பழைய கணக்கு, பருமனை ஆள்வது இன்சுலின், எடை நின்றால் எங்கோ மறைந்திருக்கும் மாவுச்சத்துதான் காரணம், அதைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும் என்பது அவர்கள் நிலை. இதற்கு ஆதரவான சான்று இல்லாமல் இல்லை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேர் எடை குறைத்தபின் வெவ்வேறு உணவுகளில் இருத்தப்பட்டபோது, மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்தவர்கள் நாளுக்கு 200 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் செலவிட்டதாகக் கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பின் முறை பற்றி விவாதம் உண்டு. எதிர்ப்பக்கத்தில், ஹால் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, விரும்பியவரை உண்ணலாம் என்ற ஏற்பாட்டில் இரண்டு இரண்டு வாரம் இரு உணவுகளை உண்டார்கள். இன்சுலினை அதிகம் ஏற்றிய, கொழுப்பு குறைந்த தாவர உணவில் அவர்கள் நாளுக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாகவே உண்டார்கள். இரண்டு வாரம் நீண்ட காலம் அல்ல என்பது உண்மை. ஆனால் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து, 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். வேறுபாடு பொருட்படுத்தும்படி இல்லை. மாவுச்சத்தைக் குறைப்பது நல்ல கருவி என்பதை இவை எதுவும் மறுக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதன் பயன் கண்கூடு. நின்ற எடையை நகர்த்தும் திறவுகோல் தீட்டைத் தேடுவதில் இருக்கிறது என்பதைத்தான் மறுக்கின்றன. சாம்பாரில் கரைந்த துவரம்பருப்பையும் வெங்காயத்தின் சர்க்கரையையும் சந்தேகிப்பவர் பட்டர் டீயைச் சந்தேகிப்பதில்லை. அது தூய பொருள் ஆயிற்றே.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது, அது கூர்மையானது. உடல் எதிர்க்கிறது, பசி ஏறுகிறது என்பதெல்லாம் சமாதானம். நிறையச் சாப்பிட்டுவிட்டு மறைக்கிறார்கள் என்பது அது. இதற்கும் சான்று உண்டு. 1992இல் ஸ்டீவன் லிக்ட்மன் குழு, 1200 கலோரிக்கும் குறைவாகவே உண்பதாகவும் எடை இறங்குவதில்லை என்றும் சொன்ன 10 பேரை அளந்து பார்த்தது. அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களது வளர்சிதைமாற்றத்தில் குறை எதுவும் இல்லை. இந்த முடிவை வைத்துப் பருமனானவர்களைப் பொய்யர்கள் என்று ஏசியவர்கள் உண்டு. அதைவிட எளிய விளக்கம் இருக்கிறது: தான் உண்டதை மனிதன் நினைவில் சரியாக வைத்திருப்பதில்லை. மெலிந்தவர்களும் தாங்கள் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது சத்துணவு ஆய்வில் பழகிய செய்தி. சமைக்கும்போது ருசி பார்த்த கரண்டி, குழந்தையின் தட்டில் மிஞ்சியது, டீக்கு முன் வாயில் போட்ட முந்திரி ஆகியவை சாப்பாடு என்ற பெயரில் பதிவாவதே இல்லை. இதில் அறக்குற்றம் இல்லை. அறிவின் எல்லை இருக்கிறது. தன்னைத் தானே அறிவது எளிது என்ற நம்பிக்கைதான் இங்கே அடி வாங்குகிறது. அளவின் வழியில் போகிறவனுக்கு அதனால் வெளியே ஒரு சாட்சி தேவைப்படுகிறது: சமையலறைத் தராசோ, இரண்டு வாரத்துக்கு எழுதிவைத்த குறிப்போ, பசேநதிக்குக் கிடைத்தது போன்ற ஓர் ஆளோ. சாட்சியைத் தேடுவது தன்மேல் சந்தேகத்தால் அல்ல. நினைவின் மேல் உள்ள நியாயமான சந்தேகத்தால்.

மூன்றாவது மறுப்பு தவத்தின் குரல். கொஞ்சம் குறைத்தால் கொஞ்சம்தான் போகும், ஒரேயடியாகக் குறைத்தால் என்ன? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944-45இல் நடத்திய பட்டினி ஆய்வை இதற்கு விடையாக வைக்கலாம். பங்கேற்ற 36 இளைஞர்களும் மனச்சாட்சியின் பேரில் போரை மறுத்தவர்கள். அவர்களில் பலர் அமைதி போதிக்கும் கிறித்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லாத கூட்டம். நாளுக்கு ஏறக்குறைய 1570 கலோரியில் 24 வாரம் இருந்து, எடையில் கால் பங்கை இழந்தார்கள். அடிப்படை வளர்சிதைமாற்றம் 40 சதவீதம் அளவுக்கு வீழ்ந்தது. குளிர் தாங்கவில்லை, எரிச்சல் மிகுந்தது, எந்நேரமும் உணவின் நினைவு. சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். போருக்கு எதிராகத் தனித்து நின்ற மனத்தையே பட்டினி இப்படி வளைத்தது என்றால், 1570 என்னும் அந்த எண்ணை இன்றைய உணவுமுறைகள் பல தாராளம் என்று கருதுவது யோசிக்க வைக்கிறது. கடுந்தவத்தால் உடல் உலர்ந்த சித்தார்த்தர் பால்சோற்றை ஏற்ற கதையை எல்லாரும் அறிவர். அதைவிட இங்கே பொருந்துவது மனு நூல் சொல்லும் சாந்திராயணம் என்று தோன்றுகிறது. தேய்பிறையில் நாளுக்கு ஒரு கவளம் குறைத்து, வளர்பிறையில் நாளுக்கு ஒரு கவளம் கூட்டும் நோன்பு அது. பாவக்கழுவாயாக வகுக்கப்பட்ட விரதத்திலேயே ஏற்றமும் விதியின் பகுதியாக இருக்கிறது. இரண்டு வாரம் குறைத்து இரண்டு வாரம் நிறுத்தி வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் பருமனான 51 ஆண்களிடம் சோதித்தபோது, இடைவிடாமல் குறைத்தவர்களைவிட அவர்கள் அதிகம் இளைத்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் நிறுத்தி வைத்ததால் கெட்டுப்போகவில்லை என்பதே தவவாதிகள் கேட்க வேண்டிய சேதி.

நாளுணவில் என்ன செய்வது என்பதை இவற்றிலிருந்து சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில், நின்றது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய்ச் சுழற்சி, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி எல்லாம் ஒன்றிரண்டு கிலோ நீரை ஏற்றி இறக்கும். அதனால் வாரச் சராசரியை மூன்று நான்கு வாரம் ஒப்பிட வேண்டும், இடுப்பையும் அளக்க வேண்டும். உண்மையாகவே நின்றிருந்தால், நாளுக்கு 100 முதல் 200 கலோரி இறக்கினால் போதும். அதற்குக் கைவைக்க வேண்டிய இடம் சேர்க்கும் கொழுப்பு: பட்டர் டீ, காய்கறியில் மிதக்கும் நெய், கைநிறைய அள்ளும் கொட்டைகள், சீஸ். புரதத்தைக் குறைக்கக் கூடாது. தசையைக் காப்பதும் பசியை அடக்குவதும் அதுதான். கீரை, சுரை, பூசணி, கத்தரி போன்றவற்றைக் கூட்டலாம். பளு தூக்கும் பயிற்சி கொஞ்சமாவது வேண்டும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கருவுற்றவர் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது. குறைத்த 100 கலோரியின் பலன் அடுத்த வாரமே தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாலின் 2011ஆம் ஆண்டுக் கணிப்புப்படி, நாளுக்கு 24 கலோரி என்ற நிலையான மாற்றம் கடைசியில் 1 கிலோவாக முடியும். அதில் பாதி வர ஓராண்டும், ஏறக்குறைய முழுதும் வர மூன்றாண்டும் ஆகும். நோன்புக்கு முடிவு நாள் உண்டு, அளவுக்குக் கிடையாது.

இதைத்தான் நான்காவது மறுப்பு பிடித்துக்கொள்கிறது. முடிவே இல்லாத நிதானத்தை யாரால் தாங்க முடியும்? முற்றாக விடுவது எளிது, கொஞ்சமாக உண்பதுதான் கடினம். புனித அகஸ்டின் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் இதை நேர்மையாக எடுத்துக்கொள்கிறார். காமத்தை ஒரே முடிவில் துறந்தவருக்கு உணவை அப்படித் துறக்க வழியில்லை. அதை மருந்தாக ஏற்க நினைத்தாலும், தேவை எங்கே முடிந்து இன்பம் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சிலருக்கு ஒரு லட்டு என்பது இல்லை. ஒன்று என்றால் டப்பா. அவர்களிடம் போய் விலக்கை விட்டு அளவுக்கு வா என்று சொல்வது கொடுமை. என் வாதமும் அதுவல்ல. விலக்கு வேலியாக இருக்கட்டும். லட்டும் மைதாவும் வேலிக்கு வெளியிலேயே கிடக்கட்டும். வேலிக்கு உள்ளே இருப்பதையும் அளக்க வேண்டிய காலம் வரும், அது வரும்போது வேலி பழுதாகிவிட்டது என்று பதறி அதை மேலும் உயர்த்த வேண்டாம் என்பதுதான் சொல்ல வருவது. தேவைக்கும் இன்பத்துக்கும் நடுவே கோடு தெரியவில்லை என்று அகஸ்டின் தவித்தது உண்மைதான். கோடு தெரியாத இடத்தில் தராசு உதவும். ஐந்தாம் நூற்றாண்டுக்குச் சற்று முன் எழுதிய ஆயரிடம் அது கேட்கக்கூடிய உதவியாக இருந்திருக்காது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு கேள்வி. அளவு உண்பவனைப் பொறுத்தது என்றால், நின்ற இடமே என் அளவு என்று யாரும் உட்கார்ந்துவிடலாமே? உட்காரலாம், ஆனால் சான்று காட்டிவிட்டு. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் மேம்படுகின்றன என்பது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட செய்தி. 95 கிலோவிலிருந்து 82க்கு வந்தவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மருத்துவர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார், இடுப்பளவு இறங்கியிருக்கிறது என்றால், மீதிப் பத்துக் கிலோவை யாருக்காக இறக்க வேண்டும் என்று கேட்பது சோம்பல் ஆகாது. பெரும்பாலும் அந்தப் பத்துக் கிலோ கல்லூரிக் காலத்து எடைதான். அதற்கும் அவருடைய கல்லீரலுக்கும் எந்த வழக்கும் இல்லை. சர்க்கரை இன்னும் இறங்கவில்லை என்றால் உட்கார உரிமை இல்லை. மறுபடி நெய்க் கரண்டியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முதல் வகையினர் செய்ய வேண்டிய மாற்றம் குறைப்பாக இல்லாமல் கூட்டலாகவும் இருக்கலாம். அட்கின்ஸ் வகுத்த முறையிலேயே, தொடக்கக் கட்டம் முடிந்ததும் மாவுச்சத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்த்து, எடை ஏறாத எல்லையைக் கண்டுபிடிக்கும் கட்டங்கள் இருந்தன; நடைமுறையில் பலர் முதல் கட்டத்தையே முறை என்று எடுத்துக்கொண்டார்கள். அரைக் கிண்ணம் சுண்டலையோ ஒரு கொய்யாவையோ மதிய உணவில் சேர்த்து, நெய்யை அதற்கேற்பக் குறைத்து, நான்கு வாரம் எடையையும் சர்க்கரையையும் பார்க்கலாம். ஏறினால் கொய்யாவை எடுத்துவிடலாம். ஏறாவிட்டால் அது தட்டில் இருக்கட்டும்.